நாணயங்களில் உருவத் தெளிவுக் குறைவு

நாணயங்களில் உருவத் தெளிவுக் குறைவு என்பது, ஒரு நாணயத்தில் இருக்க வேண்டிய தலைமுடி இழைகள், இறகுகள், எழுத்துகள், ஆண்டு எண் போன்ற நுண்பகுதிகள் மங்கியோ, மழுங்கியோ, முற்றிலும் இல்லாமலோ காணப்படுவதைக் குறிக்கும். பல கைகள் மாறித் தேய்ந்ததே இதற்குக் காரணம் என்று புதிய சேகரிப்பாளர்கள் எண்ணுவது வழக்கம். தேய்மானம் பல காரணங்களுள் ஒன்று மட்டுமே. அக்கசாலையை விட்டு வெளிவந்த நாளிலேயே மங்கலாக இருந்த நாணயங்கள் ஏராளம்.

காரணத்தைச் சரியாகக் கண்டறிவதில் பணமும் அடங்கியுள்ளது. ஒருமுறைகூடப் புழங்காத, ஆனால் அரைகுறையாக அச்சான நாணயத்தைத் தேய்ந்தது என்று நினைத்து அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் உண்டு. நன்றாகத் தேய்ந்த நாணயத்தைக் காட்டி, ‘புதுசுதான், அச்சு சரியாக விழவில்லை’ என்று சொல்லும் வியாபாரியிடம் ஏமாந்தவர்கள் அதைவிட அதிகம்.

நாணயம் உருவாகும் முறை

இயந்திர அச்சடிப்பில், முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவை சூடாக்கி மென்மையாக்கப்பட்டு, விளிம்பு சற்றே உயர்த்தப்பட்டு, எஃகு அச்சுகள் இரண்டுக்கு நடுவே வைக்கப்படுகின்றன. அச்சுகள் பெரும் அழுத்தத்துடன் மோதும்போது உலோகம் ஏறத்தாழக் களிமண் போல நகர்ந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. அச்சில் பள்ளமாக உள்ளதே நாணயத்தில் மேடாகத் தெரியும். அச்சில் மிக ஆழமான பள்ளமே கடைசியாக நிரம்பும். அழுத்தம் சிறிது குறைந்தாலும், வில்லை சற்றுக் கடினமாக இருந்தாலும், அச்சுகளுக்கு இடையிலான தூரம் மயிரிழை கூடினாலும் அந்த ஆழமான இடம் நிரம்பாமல் நின்றுவிடும். இதுவே அரைகுறை அச்சடிப்பு.

முகப்பிலும் பின்புறத்திலும் ஆழமான பள்ளங்கள் நேருக்கு நேராக அமைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நடுவில் உள்ள ஒரே உலோகத்தை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் இரண்டுமே முழுதாக நிரம்பாது. ஆகவே, மங்கிய இடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று நாணயத்தைத் திருப்பிப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

தேய்மானமும் அரைகுறை அச்சடிப்பும்

சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. நாணயத்தின் மிக உயர்ந்த இடம்தான் கைபட்டு முதலில் தேயும். அச்சின் மிக ஆழமான பள்ளமான அதே இடம்தான் கடைசியாக நிரம்பும். இரண்டு குறைகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில் தோன்றுவதால், ‘விவரம் இல்லை’ என்பதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. விவரம் இல்லாத இடத்தின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

புதிய நாணயத்தின் மினுக்கம் மெருகு போட்டு வருவதன்று. அழுத்தத்தில் உலோகம் ஓரத்தை நோக்கி வழிந்து நகரும்போது மேற்பரப்பில் மிக நுண்ணிய கோடுகள் உண்டாகின்றன. அவற்றின் மேல் பட்ட ஒளி சிதறுவதே அந்த மினுக்கம். ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஒளிப்பட்டைகள் சுற்றிவருவதைக் காணலாம். இந்த நுண்கோடுகள் மிக மெல்லியவை. சட்டைப்பையில் சில நாள் உரசினாலே உயர்ந்த இடங்களில் அவை அழியத் தொடங்கும்.

தேய்ந்த இடம் தட்டையாக, சுற்றியுள்ள பரப்பிலிருந்து நிறம் மாறி, வெள்ளியில் சாம்பல் நிறமாகவும் செம்பில் மங்கிய பழுப்பாகவும் தெரியும். சுழலும் ஒளிப்பட்டை அந்த இடத்துக்கு வந்ததும் அறுந்துபோகும். அரைகுறையாக அச்சான இடம் பொதுவாகத் தட்டையாக இராமல் மெல்ல உருண்டிருக்கும், நிறம் மாறியிருக்காது, ஒளிப்பட்டை அதன் மேலும் தடையின்றி ஓடும்.

இன்னொரு சான்று லென்ஸில் மட்டுமே தெரியும். வில்லைகள் அச்சுக்குப் போகும் முன்பே ஒன்றோடொன்று மோதிச் சிறு சிறு வடுக்களைப் பெற்றிருக்கும். முழு அழுத்தத்தில் இந்த வடுக்கள் நசுங்கி மறைந்துவிடும். உலோகம் பள்ளத்தின் அடியைத் தொடாத இடத்தில் அவை அப்படியே தங்கிவிடும். முடியிழைகள் இருக்க வேண்டிய இடத்தில் இழைகளுக்குப் பதிலாகச் சொரசொரப்பான பழைய வடுக்கள் தெரிந்தால், அங்கே அச்சு படியவே இல்லை என்று பொருள். தேய்ந்த இடத்தில் இந்தச் சொரசொரப்பு எஞ்சியிருக்க வழியில்லை, கைபட்டு வழவழப்பாகியிருக்கும்.

எடையும் ஓரளவு துணை செய்யும். தேய்மானத்தில் உலோகம் உண்மையிலேயே குறைகிறது. அரைகுறை அச்சடிப்பில் உலோகம் இடம் மாறவில்லையே தவிரக் குறைவதில்லை. லேசான தேய்மானம் எடையில் தெரியாது என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

எருமை நிக்கல்: ஒரு பாடம்

இந்தக் குழப்பங்கள் அத்தனையையும் ஒரே நாணயத்தில் காண விரும்புபவர்களுக்கு, 1913 முதல் 1938 வரை அமெரிக்காவில் வெளியான ‘எருமை நிக்கல்’ எனும் ஐந்து சென்ட் நாணயத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சிற்பி ஜேம்ஸ் எர்ல் ஃப்ரேசர் வடிவமைத்த இதன் முகப்பில் அமெரிக்கப் பழங்குடி மனிதரின் பக்கவாட்டு முகமும், பின்புறத்தில் அமெரிக்கக் காட்டெருமையும் உள்ளன. எடை 5 கிராம், விட்டம் 21.2 மில்லிமீட்டர். உலோகம் 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் கலந்தது. வெள்ளியை விட மிகவும் கடினமான இந்தக் கலவை அச்சின் பள்ளங்களில் எளிதில் ஏறாது. அச்சையும் விரைவில் தேய்த்துவிடும். சிற்பம் என்ற வகையில் அழகான வடிவமைப்பு. நாணயம் என்ற வகையில் அக்கசாலைக்குத் தலைவலி.

முதல் தலைவலி வெளிவந்த ஆண்டிலேயே தொடங்கியது. எருமை ஒரு மேட்டின் மேல் நிற்பதாகவும், அந்த மேட்டின் மீதே ‘ஃபைவ் சென்ட்ஸ்’ என்ற எழுத்துகள் இருப்பதாகவும் ஃப்ரேசர் அமைத்திருந்தார். எழுத்துகள் உயரத்தில் இருந்ததால் விரைவில் தேய்ந்துவிடும் என்று கண்டு, 1913இலேயே அக்கசாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் மேட்டை வெட்டி, எழுத்துகளைத் தாழ்வான இடத்துக்கு மாற்றினார். ஆண்டு எண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அது முகப்பு உருவத்தின் தோள்பட்டை மேல், உயர்ந்த இடத்திலேயே இருந்தது. அதனால் மற்ற பகுதிகள் ஓரளவு நன்றாக இருக்க, ஆண்டு மட்டும் மறைந்த எருமை நிக்கல்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. இவற்றில் காரணம் ஐயமின்றித் தேய்மானம். ஆனால் அதற்கு வழி வகுத்தது வடிவமைப்பு.

இரண்டாவது, எருமையின் கொம்பு. பழைய தரப்படுத்தல் வழிகாட்டிகள் கொம்பு எவ்வளவு தெரிகிறது என்பதைத் தேய்மானத்தின் அளவுகோலாகக் கொண்டன. கொம்பு முழுதாகத் தெரிந்தால் ‘வெரி ஃபைன்’ என்பது நெடுநாள் வழக்கு. 1920களில் டென்வர், சான் ஃபிரான்சிஸ்கோ அக்கசாலைகளில் அடிக்கப்பட்ட பல நாணயங்களில் இந்த அளவுகோல் தடுமாறுகிறது. ‘டி’ என்ற டென்வர் குறியுள்ள 1926ஆம் ஆண்டு நாணயம் அரைகுறை அச்சடிப்புக்குப் பேர்போனது. ஒருமுறைகூடப் புழங்காத நாணயத்திலும் எருமையின் தலைமயிர் வழித்தெடுத்தது போல இருக்கும். கொம்பு பாதியில் கரைந்திருக்கும். முகப்பில் பின்னலுக்கு மேலுள்ள முடி இழைகள் ஒன்றாகக் கலந்திருக்கும்.

இத்தகைய நாணயத்தைப் பார்ப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியது: கைபட்டால் முதலில் தேய வேண்டிய இடங்கள் எப்படி உள்ளன? எருமை நிக்கலில் முகப்பில் கன்ன எலும்பும், பின்புறத்தில் எருமையின் பின் இடுப்பும் உராய்வை முதலில் வாங்கும் இடங்கள். அவை மினுக்கம் குறையாமல் இருக்க, கொம்பும் தலைமயிரும் மட்டும் மங்கியிருந்தால் தேய்மானத்தின் மேல் பழி போட முடியாது. வீட்டின் கூரை நனையாமல் திண்ணை மட்டும் நனைந்திருந்தால் மழை என்று சொல்வோமா? மாறாக, கன்னமும் இடுப்பும் சாம்பல் பூத்துத் தட்டையாக இருந்தால், கொம்புக்கு என்ன காரணம் சொன்னாலும் அந்த நாணயம் புழங்கியதுதான். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. முதலில் அரைகுறையாக அச்சாகி, பிறகு கொஞ்சம் தேய்ந்த நாணயத்தை அனுபவமுள்ளவர்களே ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பார்கள்.

மூன்றாவது, 1937ஆம் ஆண்டு டென்வரில் அடிக்கப்பட்ட ‘மூன்று கால் எருமை’. அச்சில் ஏற்பட்ட சேதத்தை நீக்க ஊழியர் ஒருவர் அளவுக்கு மீறித் தேய்த்து மெருகிட்டதில், எருமையின் முன்னங்கால் ஒன்று அச்சிலிருந்தே அழிந்தது. குளம்பு மட்டும் எஞ்சியது. இங்கே விவரம் இல்லாமல் போனதால் விலை கூடியிருக்கிறது. விலை கூடியதும் போலிகள் வந்தன. சாதாரண 1937 நாணயத்தில் காலைச் சுரண்டி எடுத்து விற்கிறார்கள். உண்மையானதில் எருமையின் வயிற்றுக்குக் கீழே தரையை நோக்கி வரிசையாகச் சிறு புள்ளிகள் மேடாகத் தெரியும். பின்னங்காலும் பூச்சி அரித்தது போல மெலிந்திருக்கும். சுரண்டிய நாணயத்தில் இவை இரா; சுரண்டிய தடமும் லென்ஸில் அகப்படும்.

அச்சின் குறைகள்

அழுத்தம் சரியாக இருந்தும் அச்சே பழுதாக இருந்தால் நாணயம் மங்கும். பல்லாயிரம் முறை அடித்துத் தேய்ந்த அச்சில் பள்ளங்களின் கூர்மையான விளிம்புகள் கரைந்துபோகும். அதில் வரும் நாணயத்தில் எழுத்துகளின் அடிப்பகுதி ஓரத்தை நோக்கி இழுபட்டு, விளிம்போடு கலப்பது போலத் தெரியும். உருவமில்லாத வெற்றுப் பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சற்றே புள்ளிபோட்டிருக்கும். ஆனால் மினுக்கம் குறைந்திருக்காது. விவரம் மங்கலாகவும் மினுக்கம் நிறைவாகவும் இருப்பதே தேய்ந்த அச்சின் முதன்மை அடையாளம். அரைகுறை அச்சடிப்பில் நடுப்பகுதியோ ஆழமான இடமோ மட்டும் கெடும். தேய்ந்த அச்சில் ஓரத்து எழுத்துகள் உட்பட எங்கும் கூர்மை குறையும்.

இயந்திர எண்ணெயும் தூசியும் சேர்ந்த பசை அச்சின் பள்ளத்தை அடைத்துக்கொள்வதும் நடப்பதுதான். அப்போது ஓர் எழுத்தோ எண்ணோ மட்டும் காணாமல் போய், பக்கத்து எழுத்து கூர்மையாகவே இருக்கும். இதில் பெயர்பெற்றது 1922ஆம் ஆண்டு லிங்கன் சென்ட். அந்த ஆண்டு டென்வரில் மட்டுமே சென்ட் அடிக்கப்பட்டது. எனவே எல்லா நாணயங்களிலும் ‘டி’ குறி இருந்தாக வேண்டும். அச்சுகள் தேய்ந்தும் அடைபட்டும் போனதில் சிலவற்றில் அந்தக் குறி மங்கியது. சிலவற்றில் அறவே மறைந்தது. குறி அறவே இல்லாததற்கும் ‘நிழல் போலத் தெரிகிறது’ என்பதற்கும் விலையில் பெரும் இடைவெளி உண்டு. ‘டி’யைச் சுரண்டி எடுத்த போலிகளும் உலவுகின்றன.

சில வேளைகளில் குறை அச்சுக்கும் முந்தைய கட்டத்தில் இருக்கும். அச்சுகளை உருவாக்கும் மூல வார்ப்பு பல்லாண்டுப் பயன்பாட்டில் தேய்ந்தால், அந்த ஆண்டின் எல்லா நாணயங்களுமே மங்கலாக வரும். 1960களின் பிற்பகுதி லிங்கன் சென்ட் இப்படி இருந்தது. 1969இல் புதிய மூலம் உருவாக்கப்பட்ட பின் முடியிழைகள் தெளிவடைந்தன. ஆகவே ஒரு நாணயத்தை அதே ஆண்டு, அதே அக்கசாலை நாணயங்களோடு ஒப்பிட வேண்டும். வேறோர் ஆண்டின் கூர்மையான நாணயத்தோடு ஒப்பிடுவது அதற்கு அநீதி.

வெள்ளி நாணயங்கள்

1878 முதல் 1904 வரையும், மீண்டும் 1921இலும் அடிக்கப்பட்ட மார்கன் டாலரில், நியூ ஆர்லியன்ஸின் ‘ஓ’ குறியுள்ள பல நாணயங்கள் நடுவில் மங்கியிருக்கும். காதுக்கு மேலுள்ள முடியும், பின்புறக் கழுகின் மார்பு இறகுகளும் தட்டையாகத் தெரியும். இவையே தேய்மானத்தில் முதலில் கெடும் இடங்களும் ஆதலால் இங்கே மினுக்கமும் வில்லை வடுக்களுமே தீர்ப்புச் சொல்ல வேண்டும். முகப்பின் அகலமான கன்னத்தில் ஒளிப்பட்டை அறாமல் ஓடுகிறதா என்று பார்ப்பது நல்ல குறுக்குவழி.

1921இல் வெளிவந்த பீஸ் டாலரில் புடைப்பு மிக உயரமாக அமைந்ததால் நடு முடிப்பகுதி பெரும்பாலும் நிரம்பவில்லை. 1922இல் புடைப்பையே தாழ்த்திவிட்டார்கள். மெர்க்குரி டைமின் பின்புறத்தில் கழிக்கட்டைச் சுற்றியுள்ள பட்டைகள் பிளவுபட்டுத் தனித்தனியாகத் தெரிந்தால் ‘ஃபுல் பேண்ட்ஸ்’ என்று தனி மதிப்பு உண்டு. 1945இல் ஃபிலடெல்ஃபியாவில் 15 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்ட டைமில் அப்படி முழுப் பட்டைகளோடு கிடைப்பது மிக அரிது. கோடிக்கணக்கில் அடித்த சாதாரண நாணயம், நடுவிலுள்ள ஒரு கோட்டால் அரிய நாணயமாகிறது.

இந்திய, இலங்கை நாணயங்கள்

கையால் அடித்த பழைய நாணயங்களில் கணக்கே வேறு. முகலாயர் கால ரூபாய்களில் அச்சு பெரும்பாலும் வில்லையை விடப் பெரியது. அதனால் வாசகத்தின் ஒரு பகுதி நாணயத்தில் விழாமலே போகும். விளிம்பில் எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு, மீதிப் பாதி கூர்மையாக இருந்தால் அது தேய்மானம் அன்று.

முதலாம் இராசராசன் காலத்துச் செப்புக் காசுகளில் ஒருபுறம் நிற்கும் அரசனும் மறுபுறம் அமர்ந்த உருவமும் உண்டு. இலங்கையில் பராக்கிரமபாகு உள்ளிட்ட பிற்கால அரசர்களின் காசுகள் இதே அமைப்பைப் பின்பற்றின. இவற்றில் அரசனின் உடல் சில கோடுகளும் புள்ளிகளுமாக, குழந்தை வரைந்த படம் போல இருக்கும். தேய்ந்து இப்படி ஆகிவிட்டது என்று எண்ணுபவர்கள் உண்டு. அச்சு வெட்டியவரே உருவத்தை அவ்வாறு சுருக்கியதுதான் காரணம். கோடுகள் கூர்மையாக நிற்பதே அதற்குச் சாட்சி.

ஆங்கிலேயர் கால ரூபாயில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1911இல் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசரின் அங்கியில் தொங்கும் பதக்கமாலையில் இருந்த சிறு யானை, துதிக்கை சரியாக அமையாததால் பன்றி போலத் தோன்றியது. மக்களிடையே எதிர்ப்பு எழவே 1912 முதல் யானை திருத்தப்பட்டது. இதில் குறை தேய்மானத்திலோ அழுத்தத்திலோ இல்லை. செதுக்கியவர் கையில் இருந்தது. 1835இல் தொடங்கிய இந்தச் சீரான வெள்ளி ரூபாயின் நிர்ணய எடை 11.66 கிராம் என்பதால், ஐயம் வரும்போது நகைக்கடைத் தராசு கைகொடுக்கும்.

சுத்தம் செய்ததும் போலியும்

நம் வீடுகளில் பழைய காசு கிடைத்தால் புளியோ சாம்பலோ பற்பசையோ போட்டுத் தேய்ப்பது வழக்கம். அந்த ஒரு தேய்ப்பில், நூறாண்டு காப்பாற்றிய நுண்கோடுகள் போய்விடும். பிறகு அந்த நாணயம் தேய்ந்ததா, அரைகுறையாக அச்சானதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, சாட்சியத்தையே அழித்தாயிற்று. இப்படித் தேய்த்த நாணயத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களும், பள்ளம் மேடு வேறுபாடில்லாத ஒரே மாதிரியான வெறும் பளபளப்பும் தெரியும். அமிலத்தில் நனைத்தது உயிரற்ற வெண்மையாக இருக்கும். ஆண்டு மறைந்த எருமை நிக்கலில் அமிலம் இட்டு எண்ணை மீட்பதும் உண்டு. எண் தெரியவரும்; சுற்றிலும் அரித்த திட்டு நிரந்தரமாக நிற்கும்; சேகரிப்பு மதிப்பு பெரிதும் விழும்.

அடிக்கப்படாமல் வார்க்கப்பட்ட போலியில் விவரங்கள் கரைந்த சோப்புக்கட்டி போல இருக்கும். எழுத்துகளின் பக்கச் சுவர் செங்குத்தாக இராமல் சரிந்திருக்கும். பரப்பில் ஊசிமுனை அளவு குழிகளும், விளிம்பில் வார்ப்பின் பொருத்துக்கோடும் தெரியலாம். தேய்மானம் மேட்டைத்தான் கெடுக்கும், பள்ளத்தை விட்டுவைக்கும். எழுத்துகளின் இடுக்கு மூலைகளும் சேர்ந்து மழுங்கியிருந்தால் வார்ப்பு என்று ஐயுற வேண்டும்.

தரநிலையும் படங்களும்

1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பழைய சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலே இன்று பரவலாகப் பயன்படுகிறது. இதில் 60க்கு மேற்பட்டவை புழங்காதவை. 58 என்பது மேடுகளில் சிறிதே உராய்ந்தது. எண் வேறுபாடு சிறிது; விலை வேறுபாடு பல மடங்காகவும் இருக்கும். அரைகுறை அச்சடிப்பு ஒரு நாணயத்தை 60க்குக் கீழே தள்ளாது, தேய்மானம் தள்ளும். ஆனாலும் முடி தட்டையாக உள்ள புதிய நாணயத்துக்கு, கூர்மையாக அச்சான 58ஐ விடக் குறைந்த விலை கிடைப்பது சந்தையில் காணக்கூடியதே. பார்ப்பவர் கண்ணுக்குக் கூர்மையானதே அழகு.

ஆய்வுக்கு 5 முதல் 10 மடங்கு பெருக்கும் லென்ஸும், ஒரே ஒரு மஞ்சள் விளக்கும் போதும். குழல்விளக்கின் பரவிய ஒளி மினுக்கத்தை மறைத்துவிடும். நாணயத்தை விளிம்பில் பிடித்து, மெதுவாகச் சாய்த்து, ஒளிப்பட்டை எங்கே அறுகிறது என்று பார்க்க வேண்டும். இணையத்தில் வாங்குபவர்களுக்கு இந்த வசதி இல்லை. நேராக மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் தேய்ந்த கன்னமும் அரைகுறையாக அச்சான கன்னமும் ஒன்றுபோலவே தெரியும். வெவ்வேறு கோணங்களில் சாய்த்து எடுத்த இரண்டு மூன்று படங்களையோ ஒரு சிறு காணொளியையோ விற்பவரிடம் கேட்டுப் பெறுவது நல்லது. தர மறுப்பவரிடம் ‘அச்சு சரியாக விழாத புதிய நாணயம்’ என்ற விலை கொடுக்காமல், தேய்ந்த நாணயத்தின் விலையைக் கேட்பதே முறை.